பேட்டர்ன் சேவியர் அண்ணன் செய்த பர்கர்

இதையெல்லாம் நான் முன்பே சொன்னேன். சேவியர் அண்ணன் தன் மனைவி ஸ்டெல்லா அக்காவைக் காப்பாற்றிவிடுவார், தன் உடம்பைக் கோட்டை விட்டுவிடுவார் என்று போன வருடமே என் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அந்த நாலு பேரும் இப்போது ஞாபகமில்லை என்கிறார்கள். போகட்டும். போன மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டில் பால் திரிந்தது. "சாவித்திரி, ஏதோ நடக்கப் போகுது பாரு" என்றேன் என் மனைவியிடம். "அது முந்தாநேத்துப் பாலுங்க. நடக்கறது நேத்தே நடந்துபோச்சு" என்றாள். அவள் சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது. ஸ்டெல்லா அக்கா. "பழனிச்சாமி, அவரு பேப்பர் படிச்சுட்டு இருந்தாருங்க. கூப்புட்டா எந்திரிக்க மாட்டீங்கறாரு" என்றார். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். நான் போனபோது கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. பேப்பர் மடியில் இருந்தது. அண்ணன் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பங்கு மக்கள் அச்சடிக்கும் இந்தச் சிறு மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள். சரி, முதலில் சொன்னது நான்தான். நான் உங்கள் மதத்துக்காரன் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். ஆனால் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருபத்தாறு வருடம் குடியிருந்தவன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவருக்கே தெரியாது.

அண்ணன் எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் நாற்பது வருடம் பேட்டர்ன் மேக்கர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பம்புசெட்டின் உடம்பை வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே வடிவத்தை மரத்தில் செதுக்க வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இந்தியாவில் இன்று தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் பாதி அண்ணன் கையில் பிறந்ததுதான். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மரத்தை அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பெரிதாகச் செதுக்க வேண்டும். அவர் அடிக்கடி சொல்வார்: "ஆறுனதுக்கு அப்பறம் எத்தன இருக்குதோ அதுதானுங்க அளவு. சூட்டுல அளக்கறதெல்லாம் கணக்குல வராது." என் மைத்துனனோடு நான் சண்டை போட்டுவிட்டு வந்த அன்றும் இதையேதான் சொன்னார்.

போன வருடம் ஸ்டெல்லா அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்ற ஏற்ற முடி போனது, பிறகு நாக்கில் ருசி போனது. சோறு, ரசம், இட்லி எதை வாயில் வைத்தாலும் துப்பிவிடுவார். "இரும்ப நக்கற மாதிரி இருக்குதுங்க" என்பார். அண்ணன் ஒரு நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நாப்பது வருசம் இரும்புக்கு ஒழச்சேன். அது கடசீல உன்ற நாக்குல வந்து உக்காந்துக்கிச்சே ஸ்டெல்லா." அக்கா சிரித்தார். அதற்குப் பிறகு அழுதார். எடை இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இறங்கினால் அடுத்த ஊசியைப் போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி நின்றால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஒரு நாள் அவினாசி ரோட்டில் ஒரு பெரிய கடைக்குள் மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீருக்காக நுழைந்திருக்கிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு பெண் பர்கர் தின்பதை அக்கா பார்த்திருக்கிறார். வாங்கிக் கொடுத்ததும் நாலு வாய் தின்றுவிட்டு, "இதுல இரும்பு இல்லீங்க" என்றாராம். மூன்று மாதத்தில் முதல் தடவை. அண்ணன் மகிழ்ச்சியில் டாக்டருக்குப் போன் செய்தால், அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: ரத்தத்தில் அணுக்கள் குறைவு, வெளிச் சாப்பாடு தொடவே கூடாது, பச்சை இலை கூடாது, வேகாத முட்டை கூடாது, வேண்டுமானால் வீட்டிலேயே செய்து கொடுங்கள். அண்ணன் வாழ்க்கையில் காப்பிகூடப் போட்டதில்லை.

மறுநாள் என் கடைக்கு வந்தார். "பழனிச்சாமி, நீங்க அந்தக் கடையில தின்னிருக்கறீங்களா?" என்று கேட்டார். "வாரா வாரமுங்க" என்றேன். எனக்கு அங்கே தனி மேசையே உண்டு, உள்ளே வேலை செய்கிறவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்ப நீங்கதானுங்க எனக்கு கேஜு" என்றார். வார்ப்படம் சரியாக வந்திருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் அளவுக்கருவிக்கு அவர்கள் தொழிலில் அந்தப் பெயர்.

வேறு யாராக இருந்தாலும் கோழிக் கொத்துக்கறியைக் கையில் தட்டிக் கல்லில் போட்டிருப்பார்கள். அண்ணன் தேக்கில் ஒரு வளையம் கடைந்தார். பன்னின் அகலம் நாலு அங்குலம். அதற்கு மேல், பழக்க தோஷம், இரும்புக்கு விடுகிற அதே சுருக்கத்தை விட்டார். கறியை அதில் அமுக்கிப் பொரித்தார். கல்லிலிருந்து எடுத்தபோது சட்டைப் பொத்தான் மாதிரி சுருங்கி நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. பன்னுக்குள் வைத்தால் கறியைத் தேட வேண்டும். ஸ்டெல்லா அக்கா படுக்கையிலிருந்தே எட்டிப் பார்த்து, "என்னங்க இது, பன்னுக்குத் தொப்புள் வெச்சிருக்கறீங்க?" என்றார். அண்ணன் கோபப்படவில்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்து, ஆறவைத்த கறியை அளந்து, நோட்டில் குறித்தார். "கோழி அலுமினியத்த உட மோசமாச் சுருங்குதுங்க பழனிச்சாமி" என்றார். மூன்றாவது வளையம் ஐந்து அங்குலம். அதற்கு ஒரு அமுக்குக் கட்டையும் செதுக்கினார். நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கும், அதனால் கறியின் நடுவில் லேசாகப் பள்ளம் விழும், பொரியும்போது உப்பாது. சுற்றிலும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லாமல் பன்னோடு பொருந்தியது. நான் கை தட்டினேன். தெருவே கை தட்டியது என்று எழுதலாம், ஆனால் மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

சாஸ் என் யோசனை. சாவித்திரி தன் யோசனை என்பாள். அவித்த முட்டையோடு எண்ணெய், வினிகர், கடுகுத்தூள், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மிக்சியில் அடித்தோம். கோட்டைமேட்டில் ஒரு பாய் பேக்கரியில் எள்ளு தூவிய பன் அன்றன்றைக்கு வாங்கி வந்தேன். பன்னை வெட்டி வெண்ணெயில் வாட்டி, சீஸ் வைத்து எல்லாம் அடுக்கிக் கொடுத்தால், அக்கா ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிட்டார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது அந்தக் கடையிது இல்ல. பன்னு வறவறன்னு இருக்குது" என்றார். அண்ணன் மூன்று நாள் யோசித்தார். நாலாவது நாள் என் கடைக்கு வந்து, "கடையில காயிதத்துல சுத்தித்தான குடுக்கறாங்க?" என்றார். "பின்னே? கசங்காம சுத்துவாங்க" என்றேன். "அழகுக்கு இல்லீங்க. உள்ள இருக்கற ஆவி வெளிய போகாம பன்ன மெத்துன்னு ஆக்கறதுக்கு. இரும்ப ஊத்துன மணல் பெட்டியத் தொறக்கறதுக்கு முன்னால காத்திருக்கற மாதிரி" என்றார். அந்த ஞாயிறு எண்ணெய்த் தாளில் சுற்றி ஐந்து நிமிடம் வைத்தோம். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் மனிதர்.

பிரித்தபோது நிஜமாகவே கடைப் பர்கர் மாதிரி இருந்தது. அக்கா கையில் வாங்கவில்லை. "அந்தக் கடையில எனக்கு ருசி தெரிஞ்சதே பொய்யோன்னு இருக்குதுங்க. இதத் தின்னுபோட்டு மறுபடி இரும்பா இருந்துச்சுன்னா நான் இனி எதையும் தின்ன மாட்டேன். ஊசியும் வேண்டாம். உட்டுருங்க" என்றார். அண்ணன் என் பக்கம் கை காட்டி, "பழனிச்சாமி வாரா வாரம் அங்க தின்னறவரு. அவரு மொதல்ல தின்னு பாத்துச் சொல்லட்டும். அவரு ஆமான்னா நீ தின்னோணும், செரியா கண்ணு?" என்றார். நான் கடித்தேன். மென்றேன். கண்ணை மூடினேன். "அக்கா, அச்சு அசலா அதேதானுங்க. ஒரு நூல் வித்தியாசமில்ல" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தின்றார். பாதி. அப்புறம் மீதி. தாளில் ஒட்டியிருந்த சீஸையும் விரலால் வழித்துத் தின்றார். அண்ணன் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கே அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

அதன் பிறகு எல்லா ஞாயிறும் கோயிலிலிருந்து வந்ததும் அடுப்பு. முதல் கடி எனக்கு. நான் "அதேதான்" என்பேன், அக்கா தின்பார். மற்ற நாட்களிலும் பர்கர்தான், கறி மட்டும் மாறும். எடை நின்றது, பிறகு ஏறியது, ஊசிகள் ஒவ்வொன்றாக முடிந்தன. இப்போது அக்காவுக்குத் தலையில் முடி சுருள்சுருளாக வந்திருக்கிறது. "முன்ன இருந்ததவிட நல்லாருக்குதுல்ல?" என்று அண்ணன் தெருவில் போகிற எல்லோரிடமும் கேட்பார். நெஞ்சு வலிக்கிறது என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் அடக்கத்துக்கு ஐயாயிரம் பேர் வந்தார்கள். சாவித்திரி நூறு என்கிறாள். அந்தக் கூட்டத்தில் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்று என்னைக் கூப்பிட்டார். வெளியில் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "வர்ற ஞாயித்துக்கெழமை அந்தக் கடைக்கே போலாங்க பழனிச்சாமி. அவருக்காக. நீங்கதான் வழக்கமாப் போறவரு, நீங்களே சொல்லி வாங்கிக் குடுங்க" என்றார். சரிங்க அக்கா என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை. அதனால்தான் உங்கள் அத்தனை பேர் முன்னாலும் இதை எழுதிவிடுகிறேன்.

அக்கா, நான் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தனி மேசை இல்லை, என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அண்ணன் கேட்ட அன்று வாய் தானாக "வாரா வாரம்" என்று சொல்லிவிட்டது. அப்புறம் திருத்த இடம் கிடைக்கவில்லை. அந்த முதல் ஞாயிறு நான் கண்ணை மூடிக் கடித்ததுதான் என் வாழ்நாளில் நான் தின்ற முதல் பர்கர். அது எதைப் போல இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்றுவரை பர்கர் என்றால் என் நாக்குக்குத் தெரிந்தது சேவியர் அண்ணன் செய்தது ஒன்றுதான்.