இரண்டு ஏழுமலை, ஒரு பிரசிடெண்டு

அமெரிக்காவில், மிச்சிகனில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்குத் தேர்தல் வந்தால் சத்தம் வராது. ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு யாரும் போவதில்லை. சுண்ணாம்பு அடித்துச் சுவரில் இடம் பிடிப்பதில்லை. வீட்டு முன்னால் இருக்கும் புல்லில், முழங்கால் உயரத்துக்கு ஒரு அட்டையை நட்டு வைக்கிறார்கள். அதில் தங்களுக்குப் பிடித்தவரின் பெயர் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். இந்த வீட்டில் ஒரு பெயர், எதிர்வீட்டில் அவரை எதிர்ப்பவரின் பெயர். இரண்டு வீட்டுக்காரர்களும் காலையில் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொள்கிறார்கள். இந்த முறை தெருமுனை வீட்டில் மட்டும் மூன்றாவதாக ஒரு பெயர் நின்றது. ஜெயிக்கப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். வேலைக்குப் போகும்போது அந்த அட்டையைப் பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஊரில் நானும் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன். திருக்கழுக்குன்றத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் பஞ்சாயத்துத் தலைவரைப் பிரசிடெண்டு என்றுதான் சொல்வார்கள். ஊரில் இரண்டு மு. ஏழுமலை இருந்தோம். அவன் முனுசாமி மகன், நான் முருகேசன் மகன். ஒரே தெரு, ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவனைப் பம்புசெட்டு ஏழுமலை என்பார்கள். நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கார் கம்பெனிக்கு வேலைக்குப் போனதால் கம்பெனி ஏழுமலை. பம்புசெட்டு பிரசிடெண்டுக்கு நின்றான். ஏற்கெனவே பதவியில் இருந்தவருக்கு என் தாய்மாமன் வலது கை. ஒரு நாள் காலையில் மாமா ஒரு வேட்புமனு பாரத்தோடு வந்தார்.

"மாப்ள, சும்மா ஒரு கையெழுத்து போடு. பேரு கெடக்கட்டும். அப்பால வாபஸ் வாங்கிக்கலாம்."

அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் பொய். அதே பெயரில் இன்னொருவன் நின்றால் பம்புசெட்டின் ஓட்டு சிதறும் என்று புரிந்தது. மாமா முகத்தைப் பார்த்து மறுத்துப் பேச வாய் வரவில்லை. வாபஸ் வாங்கும் கடைசி நாளில் எனக்கு முதல் ஷிப்டு. சூப்பர்வைசரிடம் லீவு கேட்கக் கூச்சமாக இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுச் சீட்டின் மாதிரியில் என் பெயரையும் பக்கத்தில் ஏணிச் சின்னத்தையும் பார்த்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். எந்தத் தெருவுக்கும் போய் நான் ஓட்டுக் கேட்கவில்லை. எனக்கு நாற்பத்தொரு ஓட்டு விழுந்தது. பம்புசெட்டு பதினேழு ஓட்டில் தோற்றான். எண்ணி முடித்த பள்ளிக்கூடத்து வாசலில் என்னைப் பார்த்து, "இன்னாடா கம்பெனி, திருப்தியா?" என்றான். அதோடு பேச்சு நின்றது.

அந்த நாற்பத்தொரு பேர் பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் என்றே ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு வாரம் கழித்துக் கடைசித் தெரு பச்சையம்மா என்னைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டார்.

"நாங்க இன்னா குருடா? ஏணின்னு பாத்துதான் குத்தினோம். அவுங்க ரெண்டு பேரும் எங்க தெருவுல கால வெச்சதே இல்ல. நீதான் தெனம் கம்பெனி பஸ்ஸுக்கு எங்க வாசல் வழியா நடந்து போறே."

அது எனக்குக் குறுக்குவழி, அவ்வளவுதான். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. அவரைப் போல எத்தனை பேர், ஏமாந்தவர்கள் எத்தனை பேர், நான் இல்லாவிட்டால் ஓட்டுப் போடவே வந்திருக்காதவர்கள் எத்தனை பேர்? சீட்டில் முத்திரை மட்டும்தான் இருக்கிறது. காரணம் எழுத அதில் இடம் இல்லை.

மனைவி விஜயாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தோம். எனக்குக் குடியுரிமை வந்தபின் இதுதான் முதல் தேர்தல். நான் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். என்னோடு பெட்டி அடுக்கும் டாரில், தெருமுனை அட்டையில் இருந்த அந்த மூன்றாவது ஆளைப் பற்றி ஒரு நாள், "ஹி இஸ் எ ஸ்பாய்லர்" என்றார். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊர்க் கம்பெனியில் பதினோரு வருஷம் நான் செய்த வேலையே காரின் பின்னால் ஸ்பாய்லர் பொருத்துவதுதான். வேகமாகப் போகும்போது காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் பட்டை அது. "வெரி குட், ஸ்டெடியாகப் போகும்" என்றேன். டாரில் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

பிறகுதான் விளக்கினார். ஸ்பாய்லர் என்றால் காரியத்தைக் கெடுப்பவன். இங்கே ஒரு மாநிலத்தில் ஒருவர் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அநேகமாக அந்த மாநிலத்தின் பங்கு முழுவதும் அவருக்கே போய்விடும். முன்பு ஒரு தென் மாநிலத்தில் சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் நாட்டுக்கே தலைவர் யார் என்று முடிவானதாம். அங்கே மூன்றாவதாக நின்றவர் வாங்கியதோ பல ஆயிரம். அவர் நிற்காமல் இருந்திருந்தால், என்று டாரில் இன்றைக்கும் பொருமுகிறார். அந்த ஆயிரக்கணக்கானவர்கள் வேறு யாருக்காவது போட்டிருப்பார்களா என்று கேட்டேன். வேறு யாருக்குப் போடுவார்கள் என்றார். நானும் ஒரு தடவை பிரசிடெண்டுக்கு நின்றேன் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் கிடங்கு முழுக்க நான் இந்தியாவின் ஜனாதிபதித் தேர்தலில் நின்றவன் ஆகிவிட்டேன். திருத்தும் அளவுக்கு எனக்கு ஆங்கிலமும் இல்லை, துணிச்சலும் இல்லை.

ஓட்டுச் சீட்டு தபாலில் வந்தது, பெயர்களுக்குப் பக்கத்தில் பேனாவால் நிரப்ப வேண்டிய வட்டங்களோடு. உறையில் 'ஆப்சென்ட் வோட்டர்' என்று இருந்தது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுச் சொல் அது. வீட்டில் உட்கார்ந்திருப்பவனை ஏன் ஆப்சென்ட் என்கிறார்கள் என்று விஜயாவைக் கேட்டேன். "பேசாம வட்டத்த நெரப்பு" என்றாள். மூன்றாவது ஆள் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிச் சொன்ன இரண்டு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. பேனாவோடு மூன்று நாள் கழிந்தது.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் செல்போன் அடித்தது. பம்புசெட்டு. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு.

"கம்பெனி, நான்தான். ஓட்டர் லிஸ்ட் பாக்க வூடு வூடா வந்துகினு கீறாங்க. லிஸ்ட்ல நம்ம பேரு இன்னும் ரெண்டு கீது. நீ அந்த ஊரு ஆளாயிட்ட. உன்னுத எடுக்கணும். நான் சொன்னா, பழசுக்குப் பழி தீத்துக்கினான்னு ஊர்ல பேசுவாங்க. நீயே எழுதி அனுப்பு. வர்ற தபா மறுபடி நிக்கலாம்னு கீறேன்."

சரி என்றேன்.

"உங்க ஊர்லயும் பிரசிடெண்டு எலெக்‌ஷனாமே. எத்தினி பேரு நிக்கிறாங்க?"

"ஜெயிக்கிற மாதிரி ரெண்டு பேரு. அப்புறம் சில பேரு."

"அந்த சில பேருல உன் பேரு இல்லியே?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். "நான் நிக்காம இருந்தா நீ ஜெயிச்சிருப்பியா?"

 போனில் அவன் பக்கம் பைக் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"அது தெரியாமத்தாண்டா இத்தினி வருசம் பேசாம கீறேன். ஆமான்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உன்ன நாலு சாத்து சாத்தியிருப்பேன். இல்லன்னு தெரிஞ்சிருந்தா வூட்டுக்குக் கூப்ட்டு சோறு போட்டிருப்பேன். ரெண்டுமே இல்லாம நான் இன்னா பண்றது?"

பிறகு, "கையெழுத்த ஒழுங்கா போடு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்றே இரண்டு காகிதத்தையும் முடித்தேன். என் பெயரை நீக்கும்படி எழுதிய கடிதத்தில் மு. ஏழுமலை என்று தமிழில் கையெழுத்திட்டேன். ஓட்டு உறையில் இங்கே வழங்கும் பெயரை ஆங்கிலத்தில் போட்டேன். இங்கே நான் மிஸ்டர் முருகேசன். என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். சீட்டில் மூன்றாவது பெயருக்கு நான் போடவில்லை. ஜெயிக்கக்கூடிய இருவரில் ஒருவருக்குப் போட்டேன். மறுபடி கெடுத்தவன் ஆகிவிடக் கூடாது என்ற பயம். பச்சையம்மா என்னைப் போல யோசித்திருந்தால் எனக்கு அந்த ஓட்டு விழுந்திருக்காது என்பதும் தெரியும். எது சரி என்று வாசிக்கும் உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்துப் பம்புசெட்டு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். புதிய பட்டியலின் ஒரு பக்கம். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் தெரு, அதன் கீழே ஒரே ஒரு மு. ஏழுமலை. அதைப் பார்த்ததும், எடுக்காமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன் என்று நெஞ்சு குதித்தது. அதன் பிறகுதான் கண் கீழே இறங்கித் தகப்பனார் பெயருக்கு வந்தது. முனுசாமி என்று இருந்தது.