கேட்கப் படித்த லீலாதேவி

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவை இருபத்துநாலு வருஷம் பார்த்துக்கொண்டவர் லீலாதேவி. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மனுஷி சும்மா இருப்பாரா? ஐம்பத்திரண்டு வயதில், பதுளையில் உளவளத்துணை என்கிற கவுன்சலிங் டிப்ளோமா வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். பரீட்சையில் சித்தியடைந்தால் மூன்று தோட்டங்களுக்குப் போய்வரும் ஆலோசகர் வேலை காத்திருந்தது.

மகள் நிவேதிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, இது அடுத்தவங்க பேசுறத கேக்குற வேலை. பேசுற வேலைன்னா ஒனக்கு நாளைக்கே புரபசர் பதவி குடுப்பாங்க!"

அவள் சொன்னதில் பிழையில்லை. அடேயப்பா, அந்த வாய்! யாருக்குக் கஷ்டமென்றாலும் கேட்டு முடிப்பதற்குள் வழி சொல்லிவிடும். பாடங்களையெல்லாம் தலைகீழாகச் சொல்லுவார். செய்முறைப் பரீட்சையில்தான் கவிழ்ந்தார். குடிகாரக் கணவனைப் பற்றி அழுது நடிக்க ஒரு பெண் வந்திருந்தது. மூன்றாவது நிமிஷமே லீலாதேவி, "அழாத கண்ணு. ஒங்கம்மா வீட்டுக்குப் போயி ரெண்டு நாளு இரு. மூணாம் நாளு அவனே வந்து நிப்பான்" என்றார். அழுதுகொண்டிருந்த பெண் களுக்கென்று சிரித்துவிட்டது.

விரிவுரையாளர் இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, அட்வைஸ் சொல்லக் கூடாதெண்டு எத்தனை தரம் சொன்னனான்? இன்னொரு தரம்தான் வாய்ப்பிருக்கு. அதையும் விட்டால் டிப்ளோமா இல்லை."

அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் லீலாதேவிக்கு அழுகை முட்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாய் நிறைய வெற்றிலையோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் விஜயலெட்சுமி மருமகளைப் பற்றிப் புலம்ப வந்தாள். வாயைத் திறந்தால் மடித்த துணியெல்லாம் நாசம். லீலாதேவி "ம்ம்" என்றார், தலையாட்டினார், அவ்வளவுதான். அரை மணி நேரம் பேசிய விஜயலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்ககிட்ட பேசுனதும் மனசு லேசாயிருச்சுக்கா" என்று எழுந்து போனாள்.

லீலாதேவி அவள் போன வாசலையே பார்த்தார். நான் என்ன சொன்னேன்? ஒன்றுமே சொல்லவில்லையே!

பிறகென்ன, யார் வந்தாலும் வெற்றிலைதான். லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். மறுபரீட்சைக்கும் ஒரு வாய் வெற்றிலையை அதக்கிக்கொண்டு கம்பீரமாகப் போய் நின்றார். வாசலிலேயே இரகுநாதன் மறித்தார்.

"வெத்திலையோட உள்ளுக்கு வரேலாது. துப்பிப்போட்டு வாங்கோ!"

லீலாதேவி துப்பி, வாய் கொப்பளித்து, வெறும் வாயோடு போய் உட்கார்ந்தார்.

எதிரில் இந்தத் தடவை நடிக்க வந்த ரிஸ்கா என்ற பதுளைப் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். படிக்காமல் ஊர்சுற்றும் மகனைப் பற்றி எழுதிக்கொடுத்ததை ஒப்புவித்தார். லீலாதேவிக்கு அறிவுரை நாக்கு நுனிவரை வந்து முட்டியது. மேசைக்கடியில் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக் கேட்டார்.

அந்த அமைதியில் ரிஸ்கா கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டார்.

"இது எழுதித் தந்த கதை. என்ட கதை வேற. என்ட மகள் கட்டாருக்கு வேலைக்குப் போய் ரெண்டு வருஷம். மாட்டேன் மாட்டேன்னு அழுதா. நான்தான் போகச் சொன்னேன். இப்ப என்னோட பேசுறாளே இல்ல."

இதற்கு என்ன வழி சொல்வது? வாழ்நாளில் முதல் தடவையாக லீலாதேவியின் நாக்கு தானாகவே அடங்கிக் கிடந்தது. இந்த மனுஷி இதை எத்தனை நாளாகத் தனியாகச் சுமந்தாரோ! அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போகச் சொன்ன அன்னிக்கி ஒங்க மனசு எப்படிங்க இருந்துச்சு?"

ரிஸ்கா உடைந்து அழுதார். அழுதுகொண்டே பேசினார். இருபது நிமிஷம் ஆனதாகச் சுவர்க் கடிகாரம் காட்டியதும் இரகுநாதன் தொண்டையைச் செருமினார்.

"நேரம் முடிஞ்சுது."

ரிஸ்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க சேர். இவங்கட்ட நான் இன்னும் சொல்லி முடிக்கல்ல."

இரகுநாதன் புள்ளித்தாளில் 'சித்தி' என்று எழுதி, அதை லீலாதேவியின் பக்கமாக நகர்த்திவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே போனார். லீலாதேவிக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. ரிஸ்கா அப்போதுதான் விமான நிலையத்து வாசலில் மகள் கையை உதறிக்கொண்டு போனதைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.