மிளகு ஏணியில் முருங்கைக் குழம்பு

போன வருடம் மாசி மாதம், கொல்லிமலையில் மிளகு பறிக்கும் சமயம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஆசையாக ஒரு சிறுகதை எழுதியிருந்தேன். மிளகு பறிக்கும் பெண் ஒருத்தி ஏணி உச்சியில் பயந்துபோய், "காப்பாத்துங்க!" என்று அலறுவாள், கீழே ஊரே திரண்டு அழும். ஏணிக் காட்சியை நம்ப முடியவில்லை என்று பத்திரிகையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேரில் பார்த்துத் திருத்துவோம், அப்படியும் சரிப்படாவிட்டால் எழுத்துக்கே முழுக்குப் போட்டுவிடுவோம் என்று நாமக்கல்லில் பஸ் ஏறினேன்.

தெரிந்தவர் மூலமாக, செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். தோட்டக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அங்கே ஏணி என்பது மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் சாய்த்துவைத்த ஒற்றை மூங்கில். கணுக்களில் வெட்டாமல் விட்டுவைத்த கிளைக் கட்டைகளில் ஒரு நேரத்தில் ஒரு பாதம்தான் வைக்கலாம். வீடியோவில் நான் பார்க்காததா! "வேணாமுங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, கதைக்கு ஆராய்ச்சி என்று சேலையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

பாதி உயரத்தில் காற்று வீசியது. மூங்கில் ஆட, பதறிப்போய் மிளகுக்கொடியைப் பிடித்தேன். அது பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அவ்வளவுதான், கை கால் விறைத்துப்போயின. அலறவா? வாயிலிருந்து வெறும் காற்றுகூட வரவில்லை. பிள்ளைகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

கீழே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

"ஏனுங்க, காத்தால ஊட்டுல என்னங்க கொழம்பு?"

"மு... முருங்கக்கா."

"புளி ஊத்தியா, பருப்புப் போட்டா?"

"புளி." ஒரு கால் தானாகக் கீழே இறங்கியது.

தேங்காய் அரைத்தேனா, வெங்காயம் சின்னதா பெரியதா என்று அவர் கேட்கக் கேட்க, பதில் சொல்லிக்கொண்டே தரைக்கு வந்துவிட்டேன். பிய்ந்த கொடியைப் பற்றி அவர் பேசவே இல்லை. எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

"யோசனயெல்லாம் இல்லீங்க. பயத்துல வேற என்ன பேசறதுன்னு தெரியல. பாருங்க, எனக்கே கை நடுங்குது."

வீட்டுக்கு வந்து கதையைத் திருத்தினேன். என் கதாநாயகி இப்போது அலறுவதில்லை, ஊரும் திரளவில்லை. கீழே ஒருத்தி நடுங்கும் கையோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு குழம்பை விசாரிக்கிறாள். கதை அச்சில் வந்தது.

எழுதும்போது இன்றைக்கும் நடுவில் கை விறைத்துப்போவதுண்டு. அப்போதெல்லாம் என் கதையில் வருபவர்களிடம், 'இன்னிக்கு என்ன கொழம்பு?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். அவர்கள் பதில் சொல்லத் தொடங்கியதும் எனக்கும் பயம் விட்டுப்போகிறது.