வளைபலகைக்கு இரண்டு ஆள்

வளைபலகை வேலை இரண்டு ஆள் வேலை. ஒருவர் ப்ளைவுட்டை வளைத்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஸ்க்ரூ முடுக்க வேண்டும். மன்னார்குடி ஃபோட்டோ ஸ்டுடியோவில் அன்று இருந்தவர்கள்: முதலாளி கார்த்தி, அவர் மனைவி சுமதி, நான். வராதவர் என் தச்சு வேலைக் கூட்டாளி கலியபெருமாள். மகளோடு திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். படத்தில் மூலையே தெரியாதபடி, பதினான்கடி அகலச் சுவரிலிருந்து பலகை வளைந்து இறங்கித் தரையாகிவிட வேண்டும். இணைப்பு தெரிந்தால் படம் கெட்டுவிடும். மறுநாள் காலை ஒரு குழந்தையைப் படமெடுக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கடைக்கு ஃபோன்

கடையில் பேசுவது எப்போதும் கலியபெருமாள், அளப்பது நான். கூச்சத்தில் “வளையிற பலகை நாலு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வந்தவை அகலவாட்டில் வளைபவை. எனக்கு நீளவாட்டில் வளைய வேண்டும்; இல்லையென்றால் நாலடியிலேயே பலகை முடிந்து, வளைவின் நடுவில் இணைப்பு விழும். மாற்றி வாங்குவதற்குள் மதியமாகிவிட்டது. கடைக்காரர் சொன்னார்: “எதுவா இருந்தாலும் எட்டுக்கு நாலுதானே ஐயா, திருப்பிப் போட்டா ஆச்சு.”

முழங்கால்

முதல் பலகையை மேலே முடுக்கி, அடிப்பக்கத்தை முழங்காலால் அழுத்தினேன். நீங்களும் தனியாக வேலை பார்ப்பவரானால் தெரியும், ஆளைக் கூப்பிட வாய் வராது. ட்ரில்லுக்குக் கையை நீட்டியதும் பலகை நிமிர்ந்து மார்பில் அடித்தது. சத்தம் கேட்டு வந்த சுமதி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோள் கொடுத்தார். “ஒரு குரல் கொடுத்தா வந்திருக்க மாட்டேனா? பலகையோடயா மல்லுக்கட்டுவாங்க?”

கண்ணை மூடி

இணைப்பை மூடப் பட்டி வைத்தவர் அதைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்; தன் கை தன் பட்டியை மன்னித்துவிடும். மற்றவர்தான் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார். பட்டி காய்ந்ததும் கலியபெருமாளை வீடியோவில் கூப்பிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் தெரியுது. ஆனா ஃபோன்ல எப்படிய்யா தடவுறது?”

சோதனைப் படம்

என் கையை நம்பாமல் நடு இணைப்பை மறுபடி தேய்த்து, வெள்ளை அடித்துவிட்டுப் போனேன். காலையில் கார்த்தி விளக்குகளைப் போட்டு, நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றார். சுமதி குழந்தையின் வீட்டாருக்கு டீ போட்டுக்கொண்டிருந்ததால் நான் நின்றேன். எடுத்ததைத் திரையில் காட்டினார். சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெள்ளைக்கு நடுவில் நான் மட்டும், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறேன். கார்த்தி படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகத் தேடிவிட்டு நிம்மதியாகச் சொன்னார்: “ஐயா, உங்களைச் சுத்தி ஒண்ணுமே இல்லை.”

நான்கு பலகையில் மூன்றரை போயிற்று. மிச்சம் அரைப் பலகை, அதைப் பிடிக்க ஒரே ஆள் போதும்.