வெந்நீர் அக்காவும் பின்னால் சுற்றிய ஃபேனும்

கன்டெய்னர் யார்டில் வெந்நீர் அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். குளிரூட்டும் கன்டெய்னரில் கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலில் பனி கெட்டியாக அடைத்துக்கொண்டால் மற்றவர்கள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்துவார்கள். அவள் வாளி வாளியாக வெந்நீர் சுமப்பாள். "குத்தினா ஐஸ் மட்டுமா உடையும்? காயிலும் ஓட்டையாகும். கேஸ் எல்லாம் போன பிறகு எதை வச்சுக் குளிர வைப்பீங்க?" என்று ஒரு தடவை கேட்பாள். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது, வாளிதான் போய்வரும்.

கன்டெய்னர் கழுவும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். பக்கத்தில் மெக்கானிக்குகள் ஃபேன் மோட்டாரைக் கழற்றுவதைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில், மூலையில் வீசிய பழைய மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து மாட்டுவாள். ஒருநாள் ஆள் வராதபோது பேரிங் ஒன்றை மாற்றிக் காட்டினாள். பிறகு அவளைக் கழுவுகிற பக்கம் யாரும் அனுப்பவில்லை. இப்போது ஃபேன், காயில், ஹீட்டர் மூன்றும் அவள் பொறுப்பு.

கணவர் பஸ் டிரைவர். காலை ஷிஃப்ட் இல்லாத நாட்களில் அவர்தான் டீ போடுவார். "ஊர் ஃபேனெல்லாம் உன் பேரைச் சொல்லிச் சுத்துது. நம்ம ஹால் ஃபேன் மட்டும் முனகிக்கிட்டே கிடக்கு."

"உங்களோட இருந்து இருந்து பழகிடுச்சு" என்பாள் இவள். இருவரும் சிரித்துக்கொண்டே செருப்பு மாட்டுவார்கள். ஃபேன் முனகும்.

அன்று காலை அவள் யார்டுக்குள் நுழையும்போதே ஒரு கன்டெய்னரைச் சுற்றிக் கூட்டம். உள்ளே முழுக்க ஐஸ்கிரீம். அனுப்புகிறவர் சின்னத் தொழிற்சாலைக்காரர். கடல் கடந்து அவர் அனுப்பும் முதல் சரக்கு. மாலைக்குள் கப்பலில் ஏறியாக வேண்டும். ஆனால் பெட்டியின் குளிர் விடியற்காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

"இளகி மறுபடி உறைஞ்சா வாயில மணல் மாதிரி நறநறங்கும்மா. அப்புறம் ஒருத்தனும் என்கிட்ட வாங்க மாட்டான்" என்றார் ஐஸ்கிரீம்காரர். கைக்குட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அப்படி வியர்த்திருந்தது.

கூட வேலை பார்ப்பவன் முந்திக்கொண்டான். எதையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் விடமாட்டான் என்பதால் அவனுக்குச் சுத்தியல் என்று பெயர். "ஹீட்டர்தான் போச்சுக்கா. பனி உருகவே இல்ல."

"நீ தட்டுறதுக்கு முன்னாடி நான் பார்த்துடறேன்டா."

பனியை உருக்கும் ஹீட்டர்களின் வயர்களில் மீட்டரை மாட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்சாரம். ஹீட்டர் நன்றாகத்தான் இருந்தது. ஏணியில் ஏறி, முகப்பின் மேல்மூடியைத் திறந்தாள். காயிலில் இடது பாதி மட்டும் வெள்ளைச் சுவர் மாதிரி உறைந்திருந்தது. வலது பாதி சுத்தம். இடது ஃபேனின் மோட்டாரை உற்றுப் பார்த்தாள். போன வாரம் அவளே மாட்டிய மோட்டார் அது.

சட்டைப்பையிலிருந்து நூல் எடுத்து இரண்டு ஃபேன்களின் கம்பி வலையிலும் ஒவ்வொரு துண்டு கட்டினாள். மின்சாரம் கொடுக்கச் சொன்னாள். வலது பக்க நூல் கீழ்நோக்கி இழுபட்டது. இடது பக்க நூல் மேலே எழுந்து ஆடியது. ஒன்று காற்றைக் கீழே தள்ள, மற்றது அதே காற்றை மேலே திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. குளிர் பெட்டியின் கடைசிவரை எங்கே போகும்?

"மாட்டின அன்னிக்கு ரெண்டும் சரியாத்தானே சுத்துச்சு?" என்று தனக்குள் முணுமுணுத்தாள். பிறகுதான் பொறி தட்டியது. இந்த ஃபேன்களுக்கு இரண்டு வேகம். பழம், காய்கறிக்கு வேகமாகச் சுற்றும். உறைந்த சரக்குக்கு மெதுவாக. காலிப் பெட்டியில் அவள் எப்போதும் வேகமான சுற்றை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவாள். பழைய மோட்டார்களில் பிளக் உண்டு, தப்பு நடக்க வழியே இல்லை. இது புதுக் கம்பெனி மோட்டார்; ஆறு வயரையும் கையால் இணைக்க வேண்டும். மெதுவேகத்துக்கான வயர்களில் இரண்டு இடம் மாறியிருந்தன.

கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னதும் சுத்தியல் அவள் காதருகே குனிந்தான். "ஹீட்டர் வயர் லூஸா இருந்துச்சுன்னு சொல்லிடுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"இதே மோட்டாரை அன்னிக்கே இன்னொரு பெட்டியிலயும் மாட்டினேன். அது அடுக்கோட உச்சியில உட்கார்ந்திருக்கு. கிரேன் கேட்டா சூப்பர்வைசர் எதுக்குன்னு கேட்பாரு. அப்ப என்ன சொல்ல? அங்கயும் ஹீட்டர் லூஸுன்னா?"

நேராக சூப்பர்வைசரிடம் போனாள். ஐஸ்கிரீம்காரரும் அங்கேயே நின்றார். "வயரை நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன், சார். மெதுவேகத்துல பார்க்காம விட்டுட்டேன்."

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ தொட்டதா திரும்பி வந்திருக்கு?"

"நான் தொட்டதுதான் சார். இப்ப நானே தொடணும், நேரமில்ல."

ஐஸ்கிரீம்காரர் ஏதோ கத்த வாயெடுத்தார். அவள் அதற்குள் ஏணியில் பாதி ஏறியிருந்தாள்.

மின்சாரத்தை நிறுத்தி, வயர்களை மாற்றி, மெதுவேகத்தில் ஓட்டினாள். இரண்டு நூலும் கீழே இழுபட்டன. வேகத்தைக் கூட்டினாள், அப்போதும் கீழேதான். பிறகு மூடியை இறுக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டாள். அடியிலிருந்த குழாய் வழியாக முதலில் சொட்டாகவும் பிறகு தாரையாகவும் தண்ணீர் வந்தது. பனி கரைந்து குளிர் மறுபடி ஏறத் தொடங்கியதை ஐஸ்கிரீம்காரர் பெட்டியின் முகப்பிலிருந்த திரையில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று பார்த்தார். பின்கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து விரலால் அழுத்தினார். கல் மாதிரி இருந்தது.

"சாப்பிட்டுப் பாரும்மா" என்று அவளிடம் நீட்டினார்.

"எனக்குப் பல் கூசும் சார். முதல்ல கதவைச் சாத்துங்க, குளிர் போகுது."

லாரி யார்டு வாசலைத் தாண்டும்போது கப்பலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் கிரேன் அந்த இன்னொரு பெட்டியைக் கீழே இறக்கியிருந்தது. அவள் ஏறி நூலைக் கட்டி, மெதுவேகத்தில் ஓட்டச் சொன்னாள். நூல் விறைப்பாக மேலே நின்றது.

"சார், இதுவும் பின்னாடிதான் சுத்துது!"

"இதை இவ்வளவு சந்தோஷமா சொல்றவளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் கீழே நின்ற சூப்பர்வைசர்.

"இது இன்னும் காலிப் பெட்டிதானே சார்! டேய், மின்சாரத்தை நிறுத்திட்டு அந்த ஸ்பேனரைக் கொடு. தட்டாம கொடு."