கோடிச் சேலைக்கு ஒரு விசா

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலர்ப் புத்தகத்தைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு மகளின் வணக்கம்.

அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். இரு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, போர்ட் பிளேருக்குத் தெற்கே உள்ள கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்தார். அவருடைய ஒரே தம்பி, எங்கள் மாமா, இலங்கையிலேயே தங்கிப்போனார். பிறகு கலவரத்துக்குத் தப்பி சுவிஸில் அகதியானார். சுனாமியில் வீட்டையும் அப்பாவையும் பறிகொடுத்த அம்மா, எங்களோடு போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதிக்கு வந்து, இட்லிக் கடை போட்டு எங்களைக் கரையேற்றினார்.

சிறுநீரகம் கெட்டு, டாக்டர் கைவிரித்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்குப் பொறந்த வூட்டுக் கோடி போட அவன் ஒருத்தன்தான் இருக்கான். வரச் சொல்லு."

உடன்பிறந்தவன் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தாமல் எங்களில் ஒரு பெண்ணைச் சுடுகாட்டுக்கு எடுக்க மாட்டார்கள்.

மாமாவிடம் இருந்தது பாஸ்போர்ட் அல்ல, அகதிக்குக் கொடுக்கும் பயண ஆவணம். அதை நீட்டி விசா கேட்டால் விசாரணைக்கே மாதங்கள் ஓடும். ஓடின. கடைசியில் விண்ணப்பம் திரும்பி வந்தது. போகும் ஊர் கச்சால் என்று எழுதிவைத்திருக்கிறார் மனிதர்! வெளிநாட்டு ஆவணத்தோடு வருபவர் கால்வைக்க முடியாத தீவு அது. போனில் கத்தினேன்.

"அக்கா ஊரு கச்சால்தானேம்மா?" என்றார் பாவமாக.

தப்பு அவருடையது மட்டுமல்ல. ஊர் எது என்று கேட்டால் எங்கள் ஆட்கள் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். வீடு கடலோடு போன பிறகும் அப்படித்தான்.

மறுபடியும் விண்ணப்பம். அம்மாவின் கால்கள் வீங்கிக்கொண்டே போயின. விசாரிக்க வந்த போலீஸ்காரர், "யே ஆத்மி கோன் ஹை?" என்று மாமாவின் படத்தைக் காட்டி, இந்த ஆள் யார் என்று இந்தியில் கேட்டார்.

"மேரா பாய் சாப், கூடப் பொறந்தவன்! ஜல்தி, சீக்கிரம் வரவுடுங்க!" என்று கட்டிலிலிருந்தே அதட்டினார் அம்மா.

விசா கிடைத்தது, ஒரே ஒரு முறை வந்துபோக. விமான நிலையத்தில் அதிகாரிகள் மாமாவின் பயண ஆவணத்தைச் சரிபார்க்க உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எல்லாரும் வெளியேறியும் மாமாவைக் காணவில்லை. கடைசி ஆளாக வந்தார்.

அம்மா அவர் முகத்தைத் தடவிப் பார்த்தார். அடுத்து பெட்டியைப் பார்த்தார்.

"கோடி எடுத்தாந்தியா?"

"அக்கா, ஒன்னயப் பாக்க வந்தேன். அந்தப் பேச்சு வேணாம்."

"எடுறா."

பெட்டியின் அடியில் சட்டைகளுக்குள் ஒளித்துவைத்திருந்த பச்சைச் சேலை வெளியே வந்தது. "வாயைக் கழுவும்மா" என்று நான் சண்டைக்குப் போனேன். அம்மா என்னைப் பொருட்படுத்தவில்லை.

"மறுபடி விசாவுக்கு எங்கடா அலைவே? இப்பவே ஒன் கையால போட்டுடு."

மாமா சேலையைப் பிரித்து அம்மாவுக்குப் போர்த்தினார். அம்மா முந்தானையை விரித்துப் பார்த்து, "நல்லாத்தான் பாத்து எடுத்திருக்கான்" என்றார்.

கடைசிவரை அம்மாவைத் தூக்கி உட்காரவைத்த அண்டை வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், அதட்டு வாங்கியும் நல்லபடியாக எழுதிக்கொடுத்த அந்தப் போலீஸ்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. விசா முடிந்து மாமா திரும்பிப் போன பிறகுதான் அம்மா கண்மூடினார்; அந்தப் பச்சைச் சேலையைத்தான் அவர்மேல் போர்த்தினோம். அம்மாவை எடுத்த அன்று, தம்பி வராமல் பிறந்த வீட்டுக் கோடி எப்படி வந்தது என்று உங்களில் சிலர் முணுமுணுத்தீர்கள். அவர் வந்தார், போட்டார். அம்மா அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் போனார்.