ஸ்டேஷனில் என் பெயர்

இன்று பூம்பாறை ரோட்டில் ஒரு இளம் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, "பேரு என்னங்க ஐயா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் என் பெயரை இரண்டு தடவை சொன்னேன்.

எண்பதுகளில், சுற்றுலா சீசனுக்கு முன்னால் எங்கள் மலையில் சந்தேகக் கேஸ் என்று கூலியாட்களை அள்ளிக்கொண்டு போவார்கள். அதை நிறுத்தச் சொல்லிப் பேச லாட்ஜ் முதலாளியும் மண்டிக்காரரும் பாதிரியாரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். லாட்ஜ் முதலாளியின் ஜீப்பை ஓட்டியது நான்.

குளிருக்குத் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே நின்றேன்.

"ஏலே, இங்க என்ன சோலி?" என்றார் ஏட்டு.

"மொதலாளியோட வந்தேங்க."

"எல்லாப் பயலும் அதத்தான் சொல்றான்" என்று உள்ளே தள்ளிப் பூட்டினார்.

பக்கத்து அறையில் முதலாளி பேசுவது கேட்டது. "விசாரிக்காம யாரையும் அடைக்கக் கூடாதுங்க."

என்னை மறந்துவிட்டுப் போய்விடுவார்களோ என்று கம்பியோரம் வந்து நின்றேன்.

ஒருவழியாக என்னைத் தேடி வந்தார்கள். "உங்க ஆளா? பேரைச் சொல்லுங்க, விட்டுடுறேன்" என்றார் ஏட்டு.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "டிரைவருங்க" என்றார் முதலாளி.

கம்பிக்குள்ளிருந்து நானே "செல்வராசு" என்றேன். முதலாளி அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பூட்டு திறந்தது.

உங்கள் டிரைவர் பெயரை யாரையும் கேட்காமல் கீழே கமெண்டில் எழுதுங்கள், பார்ப்போம்.